தொண்ணூறு நாள் சீட்டு

ரயில் நிலையத்தின் ஆறாவது நடைமேடைக்குப் பின்னால், சாமான் ஏற்றும் லிஃப்டுக்கும் கழிப்பறைக்கும் நடுவில், ஜன்னலே இல்லாத ஒரு நீள அறை இருக்கிறது. கதவில் ‘தவறவிட்ட பொருள்கள்’ என்று எழுதியிருக்கும். அதற்குள் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவளை நிலையத்தில் எல்லோரும் சீட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் சீட்டும் ஆடுவதில்லை, சீட்டுக் கம்பெனியும் நடத்துவதில்லை. கைக்கு எது வந்தாலும் அதற்கு ஒரு பழுப்பு அட்டைச் சீட்டை நூலால் கட்டிவிடுவாள், அவ்வளவுதான்.

சீட்டில் நாலு வரி. என்ன பொருள், எங்கே கிடைத்தது, என்றைக்குக் கிடைத்தது, பதிவேட்டில் எத்தனையாவது எண். குடைகளைப் பத்துப் பத்தாகக் கட்டி மூலையில் சாத்துவாள். சாப்பாட்டு டப்பாவை வந்த அன்றைக்கே கழுவிக் கவிழ்த்துவிடுவாள். ஒற்றைச் செருப்புக்கு ஒரு கூடை, மூக்குக்கண்ணாடிக்கு ஒரு தட்டு. ஒருமுறை முழுப் பல் செட்டு ஒன்று வந்தது. அதை விட்டுவிட்டு ஒரு மனிதர் எப்படி வீடுவரை போனார், போய் வீட்டில் என்ன சொன்னார் என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. எதுவானாலும் தொண்ணூறு நாள் அலமாரியில் இருக்கும். அதற்குள் யாரும் வரவில்லை என்றால் ஓர் அறக்கட்டளையின் வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும்.

தேடி வருகிறவர்களிடம் அவள் பொருளைக் காட்டமாட்டாள். “அடையாளம் சொல்லுங்க” என்பாள். கறுப்புப் பை என்று சொன்னால் போதாது, கறுப்புப் பை நாற்பது இருக்கிறது. இத்தனை வருடத்தில் அவள் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தாள். தன்னுடையது இல்லாதவர்கள் பொருளின் அழகைச் சொல்வார்கள். தன்னுடையது என்றால் அதன் பழுதைச் சொல்வார்கள். ஜிப் பாதியில் நிற்கும், உள்பக்கம் துணி கிழிந்து ஊக்கு குத்தியிருக்கும், கைப்பிடியில் என் பெண் பல்லால் கடித்த தடம் இருக்கும் என்று நிறுத்தாமல் பேசுவார்கள். அதற்குமேல் கேள்வியே வேண்டாம். “சரியா இருக்கு” என்று பதிவேட்டைத் திருப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்வாள்.

பகலெல்லாம் இப்படி ஊரார் சாமானுக்கு நடுவில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே சொந்தச் சாமான் காத்திருக்கும். கணவர் தண்ணீர் ஏற்று நிலையத்தில் எலெக்ட்ரீஷியன். தெருவில் ஒரு முழ வயர் கிடந்தால் “இது தேவைப்படும்” என்று சொல்லாமல் அவர் தாண்டிப் போனதில்லை. வீட்டில் பதினேழு சார்ஜர் இருந்தது. அதில் ஒன்றுகூட வீட்டிலிருக்கும் எந்த போனுக்கும் சேராது. ஓடாத மின்விசிறி இரண்டு, மூடி இல்லாத மிக்ஸி ஒன்று, மிக்ஸி இல்லாத மூடி மூன்று. ஹாலில் நடப்பதென்றால் கொஞ்சம் பக்கவாட்டாகத்தான் நடக்க வேண்டும்.

அந்த ஹாலில்தான் தம்பியும் இருந்தான். அவளுக்கு எட்டு வயது இளையவன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். பெற்றோர் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குப் பதினொன்று, இவளுக்குப் பத்தொன்பது. அப்புறம் அவனை வளர்த்து ஆளாக்கியது இவள்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் கல்யாணம் முறிந்து ஒரு பெட்டியோடு வந்து நின்றவன், “பத்து நாள் இருந்துட்டுப் போறேன் அக்கா” என்றான். அந்தப் பத்து நாள் இன்னும் முடிந்தபாடில்லை. சுவரோரம் ஒரு மடக்குக் கட்டில், அதன் அடியில் அந்தப் பெட்டி. காலை வண்டி முடிந்து வந்து, மத்தியானம் ஒரு தூக்கம் போட்டு, மறுபடி வண்டி எடுக்கப் போவான். அவன் இருப்பது யாருக்கும் பாரமாக இல்லை. பாரமாக இல்லாததால் யாரும் அதைப் பற்றிப் பேசியதும் இல்லை.

எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது ஒரு புத்தகம். யாரோ ரயிலில் விட்டுப் போன தடிப் புத்தகம் அது. ஜப்பான் வீடுகளும், ஐரோப்பாவின் வடகோடியில் பனி கொட்டும் ஸ்காண்டிநேவியா வீடுகளும் பக்கத்துக்குப் பக்கம் படமாக இருந்தன. எழுத்து பொடி, படம் பெரிசு. சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கம் புரட்டுவாள். ஒரு மர பெஞ்சு, ஒரு விளக்கு, ஒரு மண் கிண்ணம், மீதியெல்லாம் வெறும் சுவர். அந்த வெறும் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தோளிலிருந்து யாரோ பையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. தொண்ணூறு நாள் ஆகியும் யாரும் வரவில்லை. மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டு, புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டாள்.

தம்பி அதை மடியில் வைத்துக் கடைசிப் பக்கம் வரை பார்த்தான்.

“அக்கா, எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு வீட்லயும் ஒரு ஆளைக் காணோமே. எங்க போயிட்டாங்க எல்லாரும்?”

“படம் எடுக்கறப்ப வெளிய நிக்கச் சொல்லியிருப்பாங்க.”

“அப்ப நமக்கும் வெளிய ஒரு பெஞ்சு போட்டுடு” என்று கணவர் சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் சீட்டம்மா வேலையில் இறங்கிவிட்டாள். மற்றவர்களாக இருந்தால் எதை வைப்பது எதை எறிவது என்று பெட்டி பெட்டியாகப் பிரித்துச் சண்டை போட்டிருப்பார்கள். அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்துப் பழைய சீட்டுக் கட்டை எடுத்துவைத்துக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை வீட்டிலிருக்கும் எல்லாவற்றுக்கும் சீட்டுக் கட்டினாள். இருநூற்றுப் பதினாலு சீட்டு. ஒரு பதிவேடும் போட்டாள். சாப்பிட உட்கார்ந்ததும் விதியைப் படித்தாள்.

“யாரு எதை உபயோகப்படுத்தறாங்களோ அவங்க அதோட சீட்டை அவிழ்த்துடலாம். தொண்ணூறு நாள் கழிச்சு எதுல சீட்டு தொங்குதோ அது வேன்ல போயிடும். அழக் கூடாது.”

“எனக்கும் ஒண்ணு கட்டிடு” என்றார் கணவர்.

“உங்களை யாராவது எடுத்துட்டுப் போனா நல்லதுதான்.”

மறுநாளிலிருந்து அவர் ஆட்டம் தொடங்கிவிட்டது. ஓடாத ரேடியோவைப் போட்டு அஞ்சு நிமிடம் அதன் இரைச்சலைக் கேட்டுவிட்டு, “உபயோகப்படுத்தியாச்சு” என்று சீட்டை அவிழ்த்தார். மூடி இல்லாத மிக்ஸியை ஆடும் அலமாரிக்கு முட்டுக் கொடுத்தார். சார்ஜர்களைச் சேர்த்து முடிந்து துணி காயப்போடக் கொடி கட்டினார். அவள் விதியில் இரண்டாவது பிரிவைச் சேர்க்க வேண்டியதாயிற்று. உபயோகப்படுத்துவதற்காகவே உபயோகப்படுத்துவது செல்லாது. அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு வழிக்கு வந்தார்.

தம்பி மட்டும் எந்தச் சீட்டையும் தொடவில்லை. மடக்குக் கட்டிலின் காலிலும் ஒரு சீட்டு இருந்தது. அவளே கட்டியதுதான். ஹாலில் இருக்கும் பொருள் என்ற கணக்கில், மின்விசிறிக்குக் கட்டியதும் அதே கையோடு கட்டிலுக்கும் கட்டிவிட்டாள். அவன் தினமும் அந்தக் கட்டிலில்தான் படுத்தான். எழுந்ததும் மடக்கிச் சுவரோடு சாத்தினான். சீட்டு காலில் ஆடிக்கொண்டே இருந்தது. ஊரில் எவர் எதைத் தொலைத்தாலும் கண்டுபிடித்துக் கொடுக்கிறவளுக்கு, தன் வீட்டு ஹாலில் ஒரு ஆள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்துகொண்டிருந்தது கண்ணில் படவில்லை. என்ன சொல்வது, அவளுக்கு அப்போது கண்ணெல்லாம் சுவரில் இருந்தது.

சுவரும் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ட்யூப் லைட்டைக் கழற்றிவிட்டுத் தரையோரம் ஒரு சின்ன விளக்கு வைத்தாள். அந்தக் குளிர் நாட்டுக்காரர்கள் வெளிச்சத்தை உச்சியிலிருந்து கொட்டாமல் மூலைக்கு மூலை இறக்கி வைப்பார்கள் என்று படங்களைப் பார்த்தே புரிந்துகொண்டிருந்தாள். ஜன்னலை அடைத்திருந்த பீரோவை நகர்த்தினாள். பத்து வருடம் கழித்து ஹாலுக்குள் சாயங்கால வெயில் வந்து தரையில் நீளமாகப் படுத்தது. வெளுத்த பருத்தித் துணியில் திரை தைத்தாள். கணவரே ஒருநாள் வெறும் தரையில் உட்கார்ந்து, “இந்த இடம் நம்ம வீட்லயா இருந்துச்சு?” என்று கேட்டார்.

எழுபதாவது நாள் வாக்கில் தச்சர் வந்தார். புத்தகத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது எங்கயோ கிழக்க, அது எங்கயோ வடக்க. ரெண்டு பேரும் பேசிவெச்ச மாதிரி ஆணியே தெரியாம வேலை செஞ்சிருக்கான் பாருங்கம்மா. செருப்பையும் ரெண்டு பேரும் வாசல்லயே விட்டுடறான்.”

அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவே பக்கவாட்டில் தள்ளும் கதவு, ஜன்னலடியில் தாழ்வாக ஒரு பெஞ்சு, பெஞ்சுக்குள் இழுப்பறை. அவள் சொல்லச் சொல்ல அவர் பென்சிலால் அட்டையில் குறித்துக்கொண்டார். டேப்பின் மறுமுனையைத் தம்பிதான் பிடித்துக்கொண்டிருந்தான்.

“பெஞ்சு எத்தனை அடிம்மா?”

“நாலரை. அந்தப் பக்கம் கொஞ்சம் வெத்திடம் வேணும். சும்மா இருக்கணும் அது.”

“இந்தக் கட்டில்?” தச்சர் சுவரில் சாத்தியிருந்ததைப் பென்சிலால் காட்டினார்.

“அதுல சீட்டு இருக்கே. போயிடும்” என்றாள் அவள். அவள் யோசனையெல்லாம் விளக்கை வலப்பக்கம் வைப்பதா இடப்பக்கம் வைப்பதா என்பதில் இருந்தது.

தம்பி டேப்பைச் சுவரோடு அழுத்திப் பிடித்தான். “நாலரை சரியா இருக்கு” என்றான். அப்புறம் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினான். அன்றைக்கு அவனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

தொண்ணூறு நாளும் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பதினோரு மணிக்கு வேன் வரும் என்று சொல்லியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கே அவள் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சீட்டுத் தொங்கும் சாமான்களை வாசல் பக்கமாகச் சேர்த்து, எண்களைச் சரிபார்த்துக்கொண்டே வந்தாள். கணவர் மாடிப்படியில் சார்ஜர்களுக்கு விடைகொடுத்துக்கொண்டிருந்தார். தம்பி கீழே தெருவில் தன் பள்ளிக்கூட வேனைக் கழுவிக்கொண்டிருந்தான்.

மடக்குக் கட்டில், எண் முப்பத்தொன்பது. அதற்குப் பக்கத்தில் அவனுடைய பெட்டி. பெட்டிக்கு அவள் சீட்டுக் கட்டியதாக நினைவில்லை. ஆனால் கைப்பிடியில் ஒன்று தொங்கியது. திருப்பிப் பார்த்தாள். கையெழுத்து அவனுடையது.

‘பொருள்: பெட்டி ஒன்று, ஆள் ஒன்று. கிடைத்த இடம்: ஹால். கிடைத்த நாள்: ஆறு வருடம் முன்பு. எண்: 215.’

அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அவன் சுபாவம் அப்படி, எதையும் விளையாட்டாகத்தான் சொல்வான். பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். கனமாக இருந்தது. கொடியில் பார்த்தாள், அவன் சட்டை ஒன்றுகூட இல்லை. குளியலறையில் பார்த்தாள், சோப்பு டப்பாவும் பிரஷும் இல்லை. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஜன்னல் வழியாகக் கூப்பிட்ட குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

அவன் பேன்ட்டை மடித்துவிட்டபடி ஈரக் காலோடு வந்து வாசலில் நின்றான்.

“என்னடா இது?”

“விதின்னா எல்லாருக்கும்தானே அக்கா.” சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். “ஸ்கூல் பக்கத்துல ஒரு ரூம் பார்த்திருக்கேன். நல்ல ரூம். காத்து வருது. சாயங்காலம் சொல்லிட்டுப் போலாம்னு இருந்தேன்.”

“கட்டில் சீட்டை ஏன் நீ அவிழ்க்கல? தினமும் அதுலதானே படுத்தே?”

“படுத்தேன்.” கொஞ்ச நேரம் ஈரக் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே இருந்தான். “ஆனா கட்டினது நீ. அதை நானே அவிழ்த்துக்கிட்டா நல்லா இருக்காதுன்னு தோணுச்சு. நீ அவிழ்ப்பேன்னு பார்த்தேன்.”

தொண்ணூறு நாள் பார்த்திருக்கிறான். அவள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் எங்கே படுப்பான் என்று நினைத்து நாலரை அடி சொன்னோம் என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். அவனைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை. ஜன்னலைப் பற்றி நினைத்தாள், வெயிலைப் பற்றி நினைத்தாள், சும்மா கிடக்க வேண்டிய வெற்றிடத்தைப் பற்றிக்கூட ஒரு வாரம் நினைத்தாள். தன்னை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது. சாயங்காலம் இவன் நிஜமாகவே போய்விடுவான். சிரித்துக்கொண்டே போய், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போவான்.

“போகாதே” என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் “பரவாயில்ல அக்கா” என்பான். அவன் பரவாயில்லை என்று சொல்ல ஆரம்பித்தால் யாராலும் அசைக்க முடியாது, அவளுக்குத் தெரியும். அவள் பதிவேட்டை மடியில் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

“எண் இருநூற்றுப் பதினஞ்சு. உரிமை கேட்டு ஆள் வந்திருக்கு.”

அவன் ஒரு கணம் முழித்தான். பிறகு புரிந்துகொண்டு, அவள் ஆபீஸ் குரலையே வரவழைத்துக்கொண்டு சொன்னான். “அப்படிச் சொன்னா ஆகாதும்மா. அடையாளம் சொல்லுங்க.”

“பெட்டிக்கு இடது பக்கத்துப் பூட்டு பிடிக்காது. வேன்ல கிடைச்ச ரப்பரைப் போட்டுக் கட்டியிருக்கும். உள்ள அடியில ஒரு பட்டுச் சட்டை. ஒரு தடவைதான் போட்டது. அதைத் தூக்கிப் போடவும் மாட்டான், எடுத்துப் பார்க்கவும் மாட்டான்.”

“இது பெட்டி. ஆள்?”

“குறட்டை விடும். கேட்டா நான் இல்ல, மாமான்னு சொல்லும். ஈரத் துண்டை எங்க போட்டாலும் போடும், கொடியில போடாது. பத்து நிமிஷத்துல வரேன்னா ஒரு மணி நேரம். வலது கால் கட்டைவிரல்ல நகம் கிடையாது. ஆறு வயசுல கதவிடுக்குல மாட்டினது. கதவைச் சாத்தினது நான். இன்னிவரைக்கும் அது யார்கிட்டயும் என் பேரைச் சொல்லல, கல்லுல இடிச்சுக்கிட்டேன்னே சொல்லிட்டிருக்கு.”

படியிலிருந்த கணவர் சார்ஜர்களைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“இந்த வீட்டுக்கு வந்த புதுசுல மூணு நாள் யார்கிட்டயும் பேசல. சாப்பிடல. நாலாம் நாள் காலைல உன் மாமா சட்டையைத் தெரியாம மாத்திப் போட்டுக்கிட்டு, தொளதொளன்னு வேலைக்குப் போயிட்டு வந்து, ‘என்னக்கா, நான் இளைச்சுட்டேனா’ன்னு கேட்டுச்சு. அன்னிக்குத்தான் எனக்கு உயிர் வந்துச்சு.” அவள் குரல் உடைந்தது. “இன்னும் சொல்லணுமா? இருக்கு.”

அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். வேன் கழுவின தண்ணீர் முகத்திலும் பட்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

“சரியா இருக்கு” என்றான்.

அவள் பதிவேட்டில் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். பெட்டியின் சீட்டை அவிழ்க்கப் பார்த்தாள், டிரைவர் முடிச்சு, அசையவில்லை. பல்லால் கடித்துத்தான் அறுக்க முடிந்தது. கட்டில் காலிலிருந்த சீட்டுக்குக் கை போனபோது தம்பி தடுத்தான். “அது போகட்டும் அக்கா. ஆறு வருஷமா முதுகுல குத்துது.”

“அதை ஏன்டா இத்தனை நாள் சொல்லல?”

“நீ கேக்கல.”

“சரி, படு” என்றாள்.

“எங்க?”

“தரையிலதான். ஜன்னலுக்கு அடியில. நீட்டிப் படு.”

படுத்தான். கணவர் டேப்பை எடுத்துவந்து தலைமாட்டில் பிடித்துக்கொண்டு, “முடியையும் சேர்த்து அளக்கணுமா?” என்று கேட்டார். முடி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவள் கால்மாட்டில் மண்டியிட்டு, நகமில்லாத அந்த விரல்வரை டேப்பை இழுத்துப் பிடித்தாள். அஞ்சடி பத்தங்குலம். தச்சருக்குப் போன் போட்டாள். பெஞ்சு ஆறரை அடி, அகலமும் இரண்டே முக்கால் வேண்டும், மேலே மெத்தை, கீழே இழுப்பறையில் அவன் துணி.

“அப்ப அந்த வெத்திடம் போயிடுமேம்மா?” என்றார் தச்சர். “புத்தகத்துல அப்படி இல்லையே.”

“புத்தகத்துல ஆள் இல்லைங்க” என்றாள் அவள்.

பதினோரு மணிக்கு வேன் வந்து மின்விசிறிகளையும் மூடிகளையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. சார்ஜரில் ஒன்றைக் கணவர் பைக்குள் ஒளித்ததை அவள் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். ஸ்கூல் பக்கத்து ரூம்காரரிடம் தம்பியே போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

இப்போது அந்த ஹாலைப் பார்த்தால் புத்தகத்தில் வரும் படத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வெறும் சுவர், தரையோரம் விளக்கு, மண் கிண்ணத்தில் ஒரே ஒரு கிளை, சத்தமில்லாமல் நகரும் கதவு. மத்தியான வேளைகளில் மட்டும் ஜன்னலடிப் பெஞ்சில் வாயைப் பிளந்துகொண்டு ஒருவன் தூங்குவான். அரை நாள் விடுப்பில் அவள் சீக்கிரம் வரும் நாட்களில் வாசலுக்கே குறட்டை கேட்கும். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியில் கிடக்கும் ஈரத் துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, தேநீர் வைக்க உள்ளே போவாள்.